அப்பா சக்கை தின்ற வாரம்

என் அப்பாவுக்கு எஸ்டேட்டில் இருந்த மரியாதை முழுவதும் அவருடைய மூக்கினால் வந்தது. ஏலப்பாறைக்கு மேலே, எங்கள் எஸ்டேட் பேக்டரியில், கொழுந்து புளிக்கவைக்கும் அறை அவர் பொறுப்பில் இருந்தது. யந்திரத்தில் நசுங்கி வரும் தேயிலைக் கொழுந்தைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, சுற்றிலும் ஈரத் துணி தொங்கவிட்டிருப்பார்கள். பச்சையாக வந்து விழுந்தது மெல்ல மெல்லச் செம்பு நிறமாகும். எந்த நிமிடத்தில் அதை அள்ளி உலர்த்த அனுப்ப வேண்டும் என்று சொல்வதுதான் அப்பாவின் வேலை. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கி, மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, "எடு" என்பார். முந்தினால் டீ பச்சை அடிக்கும். பிந்தினால் செத்துப்போகும். அதற்கு முன்னால் அவர் மலையில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். சரிவில் விழுந்து ஒரு முட்டி போய்விட்டது. நொண்டுகிற ஆளுக்கு மலையில் வேலை இல்லை. வேலை இல்லாத ஆளுக்கு லயத்தில், எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில், இடம் இல்லை. பேக்டரியின் பெரிய ஆளான டீமேக்கர் எப்படியோ இவர் மூக்கைக் கண்டுபிடித்து உள்ளே எடுத்துக்கொண்டதால்தான் நாங்கள் அந்த ஒரு அறையிலும் அடுப்படியிலும் தொடர்ந்து குடியிருந்தோம்.

"உங்க அப்பா மூக்க துரைக்கு எழுதிக் குடுத்தாச்சு. மிச்ச ஆளுதான் நமக்கு" என்று அம்மா கேலி செய்வாள்.

எழுதிக் கொடுத்தது போலத்தான் நாங்களும் நடந்துகொண்டோம். தேயிலையைப் போல வாடை பிடிக்கும் பொருள் வேறு கிடையாது. பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் நாற்றத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் பேக்டரிக்குள் போகிறவர்கள் பூ வைக்கக் கூடாது, வாசனை எண்ணெய் தேய்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கை தின்றுவிட்டு வரக் கூடாது. பலாப்பழத்தை நாங்கள் மலையாளிகளைப் போலச் சக்கை என்றுதான் சொல்வோம். சக்கை தின்றவனைத் தனியே அடையாளம் காட்ட வேண்டியதில்லை, அவன் வருவதற்கு முன்பே வாடை வந்துவிடும்.

ஆனால் லயத்துக்குப் பின்னால் நின்றதெல்லாம் சக்கை மரங்கள். அதுவும் கூழன் ஜாதி. வரிக்கையாக இருந்தால் சுளை கெட்டியாக இரண்டு நாள் தாங்கும். கூழன் அப்படி இல்லை. இன்றைக்குப் பழுத்தால் நாளைக்குக் கனிந்து, மறுநாள் கொழகொழவென்று வாய் பிளந்து கிடக்கும். மழை தொடங்குகிற சமயத்தில் எல்லா மரமும் பேசி வைத்துக்கொண்டது போல ஒன்றாகப் பழுக்கும். தின்று தீர்க்க முடியாது. கொடுக்கவும் ஆள் கிடையாது, எல்லோர் வீட்டிலும் அதுவேதான்.

அம்மா இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். அடுப்படிக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பில் பழங்களை வரிசையாக அடுக்குவாள். காம்படியில் பெருவிரலால் அமுக்கி முகர்ந்து பார்த்து இடம் மாற்றுவாள். அன்றைக்குப் பழுத்தது சும்மா தின்ன. ஒரு நாள் கடந்தது அரிசி மாவோடு பிசைந்து வாழையிலையில் மடக்கி அவிக்க. இரண்டு நாள் கடந்து, புளிப்பு எட்டிப் பார்ப்பதற்கு முன் இருப்பது அல்வா மாதிரி கிண்டுகிற சக்கை வரட்டிக்கு. சுளையை வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து, வெல்லம் போட்டு, வெண்கல உருளியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்ட வேண்டும். அப்படிக் கிண்டியதைப் பீங்கான் பரணியில் போட்டுத் துணி கட்டி வைத்தால் அடுத்த சக்கைக் காலம்வரை கெடாது. புளிப்பு தொடங்கியது பசுவுக்கு. கொட்டையைச் செம்மண்ணில் புரட்டி மூலையில் குவித்துவிடுவாள், பெருமழைக் காலத்தில் குழம்புக்கு ஆகும்.

இத்தனையும் நடக்கும்போது அப்பாவின் பேக்டரிச் சட்டைகள் தகரப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அவர் சக்கை தின்பது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் ஒரு குளியல், பின் ஒரு குளியல். திங்கட்கிழமை காலை அம்மா அவரை வாசலில் நிறுத்திச் சட்டையை முகர்ந்து பார்த்துத்தான் அனுப்புவாள். கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்தும் பெண்டாட்டி முகர்ந்து பார்த்து அனுப்புகிற ஒரே ஆள் என்று லயத்தில் சிரிப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில், மழை பிடிக்கிற சமயத்தில் அம்மா இறந்துபோனாள். மஞ்சள்காமாலை. ஜீப்பில் மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அதே ஜீப்பில் திரும்பி வந்தாள். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். நான் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. குழியில் மண் தள்ளும்போது, நாளைக்குச் சாய்ப்பில் எந்தப் பழம் முதலில் உடையும் என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன். அப்பா தலையில் துண்டுகூடப் போடாமல் கல்லறைத் தோட்டத்து மழையில் கடைசிவரை நின்றார். பிறகு ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு சக்கையோடு வந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வெறுங்கையோடு வர மனசில்லை, கையில் இருந்தது சக்கை. அடுத்த வீட்டு அத்தை மட்டும் மூன்று கொண்டுவந்தாள். அத்தை என்றால் சொந்தம் இல்லை, அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிறவள். கொழுந்து எடுக்கிற வேலை. கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். அவளிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் மத்தியானத்துக்குள் எஸ்டேட்டின் மூன்று டிவிஷனுக்கும் போய்விடும்.

சாய்ப்பு நிரம்பிவிட்டது. வாடைக்குக் காட்டுப்பன்றி வந்து தகரத்தை முட்ட ஆரம்பித்ததால் மிச்சத்தை வீட்டுக்குள் உருட்டினேன். இடமில்லாமல் ஒன்று அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போனது. அதை அங்கே தள்ளிய நினைவு இருக்கிறது. எடுக்க வேண்டும் என்ற நினைவு வரவில்லை. இரண்டு நாளில் அது கனிந்து, வெடித்து, தரையில் சாறு ஒழுகியது. ஈ மொய்த்தது. நாற்றம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்பதோடு சரி. அதற்காக எழுந்து போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த நாட்களில் எல்லாமே அப்படித்தான் இருந்தது. பரீட்சை முடிவு வந்தது, தேறினேனா என்று போய்ப் பார்க்கவில்லை.

அத்தைதான் உள்ளே எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். "ஏட்டி, என்னத்த சாகடிச்சு உள்ள போட்டு வச்சிருக்க? உங்கப்பா இதுக்கு மேலயா படுத்து உறங்குதாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருவளைவில் யாரோ சக்கை வெட்டினால் இங்கே இருந்து "இது நாள் கடந்த பழம்" என்று சொல்லுகிற மனுஷன், அழுகிய சக்கைக்கு மேலே மூன்று ராத்திரி படுத்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கத்தில் பேசவில்லை என்று முதலில் நினைத்தேன். மறுநாள் பருப்பை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டேன். வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய துண்டின் ஓரத்தில் மண்ணெண்ணெய் தொட்டு வைத்தேன். அதே துண்டால் முகம் துடைத்தார்.

"அப்பா, உங்களுக்கு மணம் தெரியலையா?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "காய்ச்சல் விட்டதிலேர்ந்து ஒண்ணும் வரலம்மா. இனிப்பு உப்பு மட்டும் நாக்குல தெரியுது. மத்ததெல்லாம் போயிட்டு."

"அப்போ பேக்டரியில?"

"கலரைப் பாக்குதேன். கையில பிடிச்சு சூட்டைப் பாக்குதேன். மணிக்கூட்டைப் பாக்குதேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெளிய தெரிஞ்சா நாம எங்கம்மா போவோம்" என்றார்.

பயமாக இருந்ததா என்று கேட்டால், பயம்கூட வரவில்லை. ஆனால் கணக்கு புரிந்தது. மூக்கு போனால் பேக்டரி அறை போகும். அந்த முட்டியோடு மலையேற முடியாது. வேலை போனால் வீடு போகும். நான் எழுந்து அந்தச் சக்கையை வாரிப் பசுவுக்குப் போட்டேன். கட்டிலை இழுத்துத் தரையைக் கழுவினேன். அன்றிலிருந்து அம்மாவின் ஒழுங்கைத் திரும்பக் கையில் எடுத்தேன். சட்டைகள் பெட்டிக்குள் போயின. காலையில் அப்பா வாசலில் நிற்க, நான் முகர்ந்து பார்த்து அனுப்பினேன்.

வெயில் நாட்களில் அவர் சமாளித்தார். கொழுந்து புளிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அத்தனை வருஷத்தில் கைக்குப் பழகிய விஷயம். மழை நாட்களில்தான் கஷ்டம். குளிர் ஏறினால் கொழுந்து சோம்பிக் கிடக்கும், கடிகாரத்தை நம்ப முடியாது. விளக்கு வெளிச்சத்தில் நிறமும் ஏமாற்றும். ஒரு நாள் மத்தியானம் சோற்றுத் தூக்குச்சட்டியோடு பேக்டரியின் பின்வாசலுக்குப் போனேன். அப்பா வெளியே வந்தார். வலது கையை மூடி வைத்திருந்தார். யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே கையைத் திறந்தார். ஈரக் கொழுந்து.

"எப்படி இருக்கு?"

"வெள்ளரிக்காய் நறுக்கின மாதிரி இருக்கு."

"கொய்யாப்பழம் வருதா?"

"இல்லை."

"இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே மழைக்கு ஒதுங்கி நின்றேன். திரும்பவும் ஒரு பிடியோடு வந்தார். இந்த முறை பழுத்துத் திரும்புகிற கொய்யாவின் வாசனை இருந்தது. சொன்னேன். அவர் முட்டியை இழுத்துக்கொண்டு ஓடினார்.

இதுவே எங்கள் வழக்கமானது. மத்தியானக் கொழுந்துக்கு நான் நேரம் சொல்லுவேன். அன்றைய குளிருக்கு இவ்வளவு நேரம் என்று அப்பா அதை வைத்து மற்ற கொழுந்துக்கும் நிதானித்துக்கொள்வார். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தினமும் சாய்ப்பில் பதினைந்து சக்கையை அமுக்கி, எது தின்ன, எது வரட்டிக்கு, எது மாட்டுக்கு என்று பிரிக்கிறவளுக்குக் கனிவதற்கும் கெடுவதற்கும் நடுவே உள்ள இடம் தெரியாமல் போகாது. நாங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வெள்ளரிக்காய், கொய்யா, பச்சைப்புல் என்று இதைத்தான் பேசினோம்.

ஆனி மாதத்தில் ஒரு வாரம் காற்றோடு மழை அடித்தது. ஒரே ராத்திரியில் மரத்திலிருந்து ஐந்தாறு பழங்கள் விழுந்து பிளந்துவிட்டன. காலையில் அத்தை வேறு இரண்டைக் கொண்டுவந்து இறக்கினாள். "சும்மா கெட்டுப் போகுது, உங்கம்ம மாதிரி கிண்டி வை" என்றாள். அம்மா மாதிரி என்ற சொல்லுக்காகவா, வேறு வேலை இல்லாததாலா தெரியவில்லை, அப்பா போனதும் உட்கார்ந்துவிட்டேன். எட்டுச் சக்கை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்து, வேகவைத்து, தேய்த்து, உருளியை அடுப்பில் ஏற்றினேன். மழைக்காகக் கதவும் சன்னலும் சாத்தியிருந்தன. ஆவியும் புகையும் வீட்டை நிறைத்தன. மழையில் காயாத அப்பாவின் சட்டைகள் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கின. அவற்றை எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோனது. மறுநாள் அவர் அதில் ஒன்றைத்தான் போட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்பதும் தோன்றவில்லை.

சங்கு ஊதியபோதுதான் மத்தியானம் என்று தெரிந்தது. உருளியை அப்படியே விட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா பின்வாசலில் கையை மூடிக்கொண்டு காத்திருந்தார். கையைத் திறந்தார். முகர்ந்தேன். சக்கை வாடை வந்தது. இன்னொரு முறை முகர்ந்தேன். சக்கை. என் மூக்குக்குள், தலைமுடிக்குள், விரலுக்குள் எல்லாம் சக்கைதான் இருந்தது. வேறு ஒன்றும் அதற்குள் நுழையவில்லை.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்றுவரை அதைத்தான் நினைக்கிறேன். மூக்கு நிறைந்துவிட்டது, இன்றைக்கு என்னால் முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ உருளி நினைவு.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினார். அன்றைக்கு இரண்டாவது பிடிக்கு நான் நிற்கவில்லை. "குளிரு கூட, வழக்கத்தைவிட அரை மணி சேத்து விடுங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். வீட்டில் வரட்டி அடிப்பிடித்திருந்தது. மேலாகப் பார்த்தால் தெரியாது, வெல்ல நிறமே கருப்புதானே. ஆனால் கிளறக் கிளறக் கருகல் வாடை மேலேறி எல்லாவற்றிலும் கலந்துவிட்டது. அத்தனை வெல்லம் போட்டதைக் கொட்ட மனம் வரவில்லை. பரணியில் அள்ளித் துணி கட்டி மூலையில் வைத்தேன்.

மறுநாள் காலை அப்பாவை வாசலில் நிறுத்தி முகர்ந்தபோதும், வீடே சக்கையாக இருந்ததில் சட்டை வாடை எனக்குத் தனியாகத் தெரியவில்லை. பேக்டரியில் முந்தின நாள் டீயைப் போட்டுக் குடித்துப் பார்த்தபோது எல்லாம் செத்துக் கிடந்தது. நிறம் மட்டும் இருந்தது, உயிர் இல்லை. ஒரு பிடி இரண்டு பிடி இல்லை, ஒரு முழு நாளின் கொழுந்து. டீமேக்கர் அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் மலையாளி, கத்தமாட்டார். "உமக்கு இது நடக்காதே, என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். "மூக்குக்கு ஏதாவதா?"

அந்த இடத்தில் அப்பா சொன்ன பதிலை அவரே சாயங்காலம் எனக்குச் சொன்னார், எங்கோ நடந்ததைச் சொல்வது போல.

"மூக்குக்கு ஒண்ணும் இல்ல சார். சக்கை தின்னுட்டு வந்துட்டேன். வேலை நேரத்துல தின்னேன். அது மூக்க மறைச்சிட்டு."

டீமேக்கர் கிட்டே வந்து அவர் சட்டையை முகர்ந்தார். அடுப்புக்கு மேலே ஒரு நாள் முழுக்கத் தொங்கிய சட்டை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் அந்த அறைப் பக்கமே வர வேண்டாம் என்றார். மூக்கு போனதற்குத் திரும்பி வர வழி கிடையாது. சக்கை தின்றதற்கு ஒரு வாரத்தில் திரும்பி வரலாம். நின்ற இடத்தில் அப்பா அதை யோசித்திருக்கிறார்.

"நாந்தாம்பா தப்பாச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். உன் கை பூரா பிசின் இருந்துச்சே, நான் பாத்தேன். பாத்தும் கேக்கல" என்றார்.

விஷயம் லயத்துக்கு வர எவ்வளவு நேரமாகும்? அத்தை சாயங்காலம் கொழுந்து எடை போடுகிற இடத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். பெண்டாட்டி செத்து நாற்பது நாள் முடியவில்லை, மனுஷன் வேலை நேரத்தில் ஒளித்து வைத்துச் சக்கை தின்றிருக்கிறார், ஒரு நாள் டீ முழுக்கப் போச்சு. பிள்ளைகள் எங்கள் வாசலில் சக்கை மடலை வீசிவிட்டு ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உபதேசியார் வயிற்றைத் தெய்வமாகக் கொண்டவர்களைப் பற்றி நீளமாகப் பேசினார். பேசும்போது எங்கள் பெஞ்சைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது. அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது, என் அப்பாவுக்குச் சக்கைக்கும் சாணிக்கும் வித்தியாசம் தெரியாது என்று. கத்தினால் வீடு போகும். உட்கார்ந்தே இருந்தேன்.

திங்கட்கிழமை மழை கொஞ்சம் விட்டது. அப்பா மூலையிலிருந்த பரணியை எடுத்து, துணியை அவிழ்த்து, ஒரு தட்டு நிறைய வரட்டியை வைத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். என்னிடம் கேட்கவில்லை. லயத்தில் போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி, துண்டு துண்டாகக் கிள்ளி வாயில் போட ஆரம்பித்தார். எனக்குப் புரிந்தது. சக்கைக்கு ஆசைப்பட்ட மனுஷன் என்பதை ஊர் நம்ப வேண்டும். நம்பினால் வேறு எதையும் தோண்டமாட்டார்கள்.

அது தீய்ந்தது என்று அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கு இனிப்பு மட்டும்தான் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்றேன். என் இடத்துக்கே கருகல் வாடை அடித்தது. அவர் ருசித்துத் தின்கிற மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தார்.

அத்தை கூடையும் குடையுமாக அந்தப் பக்கம் வந்தாள். நின்றாள். அவளால் நிற்காமல் போக முடியாது.

"என்னண்ணே, இன்னும் ஆசை தீரலையா? மனுஷன்னா இப்படியா?" என்று ஆரம்பித்தாள்.

"பிள்ள கிண்டுனது" என்றார் அப்பா. "அவ அம்மை கைப்பக்குவம் அப்படியே இருக்கு. நீ ஒரு துண்டு தின்னு பாரு."

தட்டை நீட்டினார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வருவதற்குள் அத்தை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். ஒரு கடி கடித்தாள். அவள் வாய் நின்றது. இருபது வருஷம் அம்மா கிண்டிய வரட்டியைத் தின்றவள். அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னொரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, "வெல்லம் போதுமா?" என்று கேட்டார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. அவள் முகம் மாறியதை மட்டும் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் அழுகிக் கிடந்த சக்கை அவளுக்கு இப்போது நினைவு வந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு அவள் வாயில் இருந்தது. மத்தியானத்துக்குள் மூன்று டிவிஷனுக்கும் போகிற வாய். நான் படியில் இறங்கி அவள் காலில் விழலாமா என்று நினைத்தேன்.

அத்தை மென்றாள். கஷ்டப்பட்டு விழுங்கினாள். தட்டிலிருந்து பெரிய துண்டாக இன்னொன்றைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டு, மேல் லயம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "போதும்ணே, வெல்லம் போதும்! சும்மா சொல்லப்பிடாது, என்ன மணம்! இத வீட்டுல வச்சிக்கிட்டு எந்த மனுஷனால தின்னாம வேலைக்குப் போக முடியும்?"

அதையே ஒவ்வொரு வாசலிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, வாய் நிறையக் கருகலோடு அவள் நடந்து போனாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நல்லா வந்திருக்காம்மா" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய், உருளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, அம்மா செத்ததற்காக அழுதேன்.